கை வைத்தபோது தெரிந்த சூடு

"அண்ணா, புது பேட்டரியும் போயிடுச்சு. டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்று காலை ஐந்தரை மணிக்கு ஒரு போன். கால் டாக்ஸி ஓட்டும் தம்பி. விமான நிலையச் சவாரி ஒன்று அப்போதுதான் கை நழுவிப் போயிருந்தது. ஆனாலும் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் பேட்டரியை மாற்றச் சொன்னவனே நான்தான்.

அன்றைக்குச் செல்ஃப் எடுக்கவில்லை என்று வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கடைக்குக் கொண்டுவந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு மீட்டர் வைத்தால் பேட்டரியில் 11.8 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கிற பேட்டரி 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றாலே பாதி காலி என்று அர்த்தம். மறுபடி ஸ்டார்ட் பண்ணி வைத்தேன், 13.7 காட்டியது. சார்ஜிங் நல்லாத்தான் இருக்கு, பேட்டரிக்கு இரண்டு வயசு ஆச்சு, டாக்ஸி ஓட்டம் வேறு, மாத்திடுங்க என்று சொல்லிவிட்டேன். கிளம்பும்போது, "சாவியை எடுத்த அப்புறமும் அந்த பேட்டரி லைட்டு லேசா எரியற மாதிரி இருக்குண்ணா" என்றார். மீட்டர் போர்டில் எங்காவது ஈரம் இறங்கியிருக்கும், அடுத்த முறை பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தேன். அவர் வியாதியின் பெயரையே சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் காதில் விழவில்லை.

சரி, இந்தப் போன் வந்த காலை பைக்கை எடுத்துக்கொண்டு கொரட்டூரில் அவர் வீட்டுக்கே போனேன். பானெட்டைத் திறந்து, பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கும்போது புறங்கை ஆல்டர்னேட்டர் மேல், அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஜெனரேட்டர் மேல் பட்டது. சூடாக இருந்தது. கொதிக்கிற சூடு கிடையாது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி ஒரு வெதுவெதுப்பு. பக்கத்திலிருந்த எஞ்சின் பிளாக்கைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. வண்டியை எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன், இரவு பத்தரைக்கு என்றார். ஏழு மணி நேரமாகச் சும்மா நிற்கிற வண்டியில் ஆல்டர்னேட்டர் மட்டும் எப்படிச் சூடாக இருக்கும்?

ஆல்டர்னேட்டருக்குள் உற்பத்தியாவது ஏ.சி. கரண்ட். சுற்றாமல் நிற்கிற ஸ்டேட்டரில் மூன்று காயில், அதிலிருந்து வருவதை டி.சி.யாக மாற்ற டயோடு பிளேட்டில் ஆறு டயோடு. பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி உள்ளே வராமல் தடுப்பதும் அதே டயோடுதான், கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி. பாசிட்டிவ் பக்கத்தில் ஒரு டயோடு ஷார்ட் ஆகிவிட்டால் இரவெல்லாம் பேட்டரி கரண்ட் அந்த வழியாக ஸ்டேட்டருக்குள் இறங்கும், அங்கிருந்து ரோட்டருக்கென்றே இருக்கிற சின்ன டயோடுகள் வழியாக, உள்ளே சுற்றும் ரோட்டர் காயிலுக்குப் போகும். எஞ்சின் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு ரோட்டர் காந்தமாகி நிற்கும். ஒரு ஸ்பானரைப் பின்பக்கம் கொண்டுபோனேன், லேசாகப் பிடித்து இழுத்தது. சாவியை எடுத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிந்ததும் இதே கரண்டால்தான்.

பேட்டரி கொஞ்சம் சார்ஜ் ஏறிய பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவில் அம்மீட்டர் போட்டேன். மூன்று ஆம்பியருக்குப் பக்கத்தில் காட்டியது. நிறுத்திவைத்த கார், கடிகாரம், அலாரம் எல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் சாதாரணம். இது அதைப்போல அறுபது மடங்கு. ஏழு மணி நேரத்தில் 20 ஆம்பியர்-ஹவருக்கு மேல் போயிருக்கும், தம்பி வண்டியில் இருப்பதோ 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. முந்தின நாள் பகலிலும் அது முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்காது, டயோடு போன ஆல்டர்னேட்டர் தன் முழு ஆம்பியரைத் தராது. நான் பார்த்த 13.7 எந்த லோடும் இல்லாமல் எடுத்த அளவு. ஹெட்லைட், ஏ.சி. புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, எஞ்சினை 2,000 ஆர்.பி.எம்.மில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே 13-க்குக் கீழே இறங்கியிருக்கும். மீட்டரை ஏ.சி. வோல்ட் அளவுக்குத் திருப்பிப் பேட்டரி முனையில் வைத்தாலும் போதும், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடைச் சந்தேகப்படலாம். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் இன்னும் ஒரு வருஷமாவது உழைத்திருக்கக்கூடிய பேட்டரியை அந்தப் பையன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார்.

நான் தொழில் கற்றது வில்லிவாக்கத்தில், பாடி லூகாஸ் கம்பெனிக்குக் கூப்பிடு தூரத்தில். 1961-ல் ஆரம்பித்த அந்தக் கம்பெனியின் பெயர்தான் இன்றைக்கும் அங்கே பஸ் ஸ்டாப்பின் பெயர். கற்றுக்கொடுத்த அண்ணன், ஆல்டர்னேட்டர் வருவதற்கு முன்னால் அதே வேலையைச் செய்த டைனமோ காலத்து ஆள். கடைசிவரை ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றேதான் சொன்னார். டைனமோ ஐடிலிங்கில் சார்ஜ் பண்ணாது, சிக்னலில் நின்றால் அம்பாசிடர் ஹெட்லைட் மங்கிப்போகும், ஆக்சிலேட்டரை மிதித்தால் பளிச்சென்று வரும். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க அவருடைய வழி ஒன்றே ஒன்று: எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்று, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லா இருக்கு. அந்த வண்டிகளில் அதனால் பெரிய சேதம் வந்து நான் பார்த்ததில்லை. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால், லோடு திடீரென்று விலகும் அந்த நொடியில் வோல்டேஜ் 80, 100 வரை எகிறலாம். பேட்டரிதான் அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும், அதையே கழற்றிவிட்டோமே. எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோல் விடும்) வண்டிகள் வந்த புதிதில் ஒரு காரில் நானும் பழக்கதோஷத்தில் முனையைக் கழற்றினேன். வண்டி நின்றது, ஈ.சி.யு. என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் போய்விட்டது. புதுப்பேட்டையில் அலைந்து பழையது ஒன்று வாங்கிப் போட்டுக் கொடுத்தேன், பல மாதச் சம்பளத்தில் அந்தக் கடன் கழிந்தது. அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கற்ற வண்டி வேறு. இன்றைக்கும் சில கடைகளில் பையன்கள் இதைச் செய்வதைப் பார்த்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிடுகிறேன்.

பிரித்துப் பார்க்கிற பொறுமை எனக்கு வந்தது 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. வாரக்கணக்கில் சேறு நிரம்பிய ஆல்டர்னேட்டர்கள் வந்தன. ரோட்டருக்குக் கரண்ட் வாங்கும் ஸ்லிப் ரிங்கில் பச்சை பிடித்து, பேரிங் இறுகி, கார்பன் பிரஷ் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு. அத்தனை பேரிடமும் புதிது வாங்கச் சொல்ல மனசு வரவில்லை. ஒவ்வொன்றாகக் கழுவிக் காயவைத்துத் தேறுகிறதா என்று சோதித்தோம், நிறையத் தேறியது.

டாக்ஸித் தம்பியின் வண்டிக்கும் அதையே செய்தேன். புது ஆல்டர்னேட்டர் வாங்குகிற நிலையில் அவர் இல்லை, மாதத் தவணை கழுத்தில் நிற்கிறது. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிக் கட்டினேன். ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த கேபிளில் எந்நேரமும் பேட்டரி கரண்ட் நிற்கும், ஃபியூஸ் வழியாக வந்தாலும்கூட. அதில் ஸ்பானர் மாட்டி மறுமுனை பாடியில் பட்டால் ஸ்பானரே வெல்டு ஆகிவிடும், விரலில் மோதிரம் இருந்தால் தோல் வெந்துவிடும். அப்புறம் பெல்ட் எந்தப் புல்லியைச் சுற்றி எப்படிப் போகிறது என்று ஒரு போட்டோ. டென்ஷன் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை இறக்கி, கீழ் போல்ட்டை உருவினால் கையோடு வந்துவிடும். வீல் ஆர்ச் பக்கமிருந்து எடுக்க வேண்டிய வண்டிகளில் மட்டும்தான் அரை நாள் போகும்.

ஜி.பி. ரோட்டில் டயோடு பிளேட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேரிங்கும் வாங்கினேன். ஸ்டேட்டர் கம்பிகளைப் பிளேட்டில் பற்றவைக்கும்போது சால்டரிங் அயனை அதிக நேரம் வைக்கக் கூடாது, புது டயோடு அந்தச் சூட்டிலேயே செத்துவிடும். மூக்குக் குறடால் டயோடின் காலைப் பிடித்துக்கொண்டால் சூடு குறட்டுக்கு இறங்கும். பிரஷ் இன்னும் நீளமாக இருந்தது, விட்டுவிட்டேன். ஸ்லிப் ரிங்கை மெல்லிய உப்புத்தாளால் துடைத்தேன். மாட்டிய பிறகு ஆல்டர்னேட்டர் முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே முழு லோடில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்த்தேன், 0.1. எர்த் பக்கமும் அதே அளவு. இந்த இரண்டு அளவையும் எடுக்காமல் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லவே கூடாது. இரண்டு கடைகளில் ஆல்டர்னேட்டர் போச்சு என்று சொல்லப்பட்ட ஒரு டீச்சரின் காரில், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் துருவைச் சுரண்டியதோடு வேலை முடிந்திருக்கிறது. புது மாடல்கள் சிலதில் எப்போது எவ்வளவு சார்ஜ் என்று ஈ.சி.யு.தான் முடிவு பண்ணும். சீரான ஓட்டத்தில் 12.8 காட்டி, பிரேக் பிடிக்கும்போது 14.5-க்கு ஏறும். அதை ரிப்பேர் என்று கழற்றிப்போட்டால் பாவம்.

ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு 14.1 நின்றது. புதுப் பேட்டரியை மெதுவான சார்ஜரில் போட்டேன், பிழைத்துக்கொண்டது. கூலி வாங்கவில்லை, சாமான் காசு மட்டும். முதல் பேட்டரி வீணாகப் போனது என்னால் என்று அவரிடமே சொன்னேன். "விடுங்கண்ணா" என்றார்.

மறுநாள் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன் பண்ணச் சொல்லியிருந்தேன். ஐந்தரைக்கெல்லாம் எழுந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஜில்லுனு இருக்குண்ணா. விளக்கும் எரியல."