கடுகெண்ணெய்

எங்களை ஏற்றிவந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். இலங்கை மலைநாட்டு அட்டன் ஸ்டேஷனிலேயே அழுகை ஆரம்பித்துவிடும். போகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். 1974-ல் எனக்கு ஒன்பது வயது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரியின் பந்தலூர் மழைக்குள் வந்து சேர்ந்தோம். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கணக்கு. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு ஆட்கள் ஐந்து பேர்.

வந்த புதிதில் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினார். "பாண் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்கார சேட்டன் விழித்தார். கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுக் காட்டியதும் "ரொட்டியோ?" என்றார். எங்களுக்கு ரொட்டி என்றால் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிச் சுடுவது. பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர் லாரிக்காரர் சிரித்துவிட்டு, "பிரெட்டும்மா அது" என்றார். மூன்று பேர் சொன்னதும் ஒரே பொருளைத்தான். ஆனால் அன்றைக்கு நான் வெறுங்கையோடு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் 1976-ல் தொடங்கியது. அப்பாவுக்கு அதில் வேலை கிடைத்தது. லயம் லைன் வீடானது, கணக்கப்பிள்ளை சூப்பர்வைசரானார், தேத்தண்ணி டீயானது. சரி, பழகிக்கொண்டோம். பழகாதது ஒன்றுதான். யாரும் எங்களிடம் எதையும் சொல்லவில்லை. எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும், குடும்ப அட்டையைத் தொலைத்தால் என்னவாகும் என்றெல்லாம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

இதையெல்லாம் நான் பல வருஷம் மறந்தே போயிருந்தேன். 2020 மார்ச்சில், கொரோனா வந்தபோதுதான் திரும்ப ஞாபகம் வந்தது.

24-ந் தேதி மாலையில் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள், அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. எங்கள் பக்கம் இதன் அடி கொஞ்சம் வேறு மாதிரி விழுந்தது. எங்களுக்கு அவசரம் என்றால் ஊட்டி இல்லை, சுல்தான் பத்தேரிதான். தாளூரோ பாட்டவயலோ தாண்டினால் கேரளம். பிரசவம், டயாலிசிஸ் எல்லாம் அந்தப் பக்கம். செக்போஸ்ட் மூடியதும் பாதிக் கையை வெட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அதுவரை எல்லை என்ற ஒன்று இருப்பதையே நாங்கள் பஸ் டிக்கெட் விலையில்தான் பார்த்திருந்தோம்.

எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. மூடிவிட்டு, மகளிர் குழுவோடு சேர்ந்து மாஸ்க் தைக்க உட்கார்ந்தேன். எண்பதைத் தாண்டிய அம்மா திண்ணையிலிருந்து, "என்னமோ தனிமைப்படுத்தல்ங்கிறாங்க, இது என்ன புதுசா? ஒங்க தாத்தா சிலோனுக்குப் போறப்பவே மண்டபம் கேம்புல அடைச்சு வெச்சுத்தானே விட்டான்" என்றார். உண்மைதான். மலைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோன காலத்தில், நோய் கூடவே போய்விடக் கூடாது என்று மண்டபத்தில் சில நாள் நிறுத்தி, அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். போகும்போதும் அந்த முகாம், வரும்போதும் அந்த முகாம்.

மாஸ்க் கொடுக்கப் போனபோதுதான் பக்கத்துத் தனியார் தோட்டத்தின் பழைய லைனைப் பார்த்தேன். ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள், 24 பேர். ஆறு அறை, ஒரே குழாய். அந்தக் குழாயடியில் எப்படி இடைவெளி விட்டு நிற்பது என்று அறிவிப்பு எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். வேலை நின்றுவிட்டது. கூட்டிவந்த ஏஜெண்டின் போன் எடுபடவில்லை. எங்களுக்கெல்லாம் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய், ஏப்ரலில் அரிசி, பருப்பு, சர்க்கரை, பாமாயில் எல்லாம் இலவசமாக வந்தது. அவர்களுடைய அட்டை ஜார்க்கண்டில் இருந்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்ததே அக்டோபரில்தான்.

ஜீப்பில் மைக் கட்டித் தமிழில் சொல்லிக்கொண்டு போனார்கள். இவர்களுக்குப் புரிந்தது போலீஸ் ஜீப் என்பது மட்டும். யாரையோ பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து, இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பே மூட்டாமல் இருந்திருக்கிறார்கள்.

லைன் ஆட்களும் டீக்கடை சேட்டனும் சேர்ந்து அரிசி, பருப்பு திரட்டினோம். நான் பெருமையாக ஒரு லிஸ்ட் போட்டேன். தலைப்பு, "ஹிந்திக்காரங்க". கிராம நிர்வாக அலுவலருக்குப் போனிலும் அப்படித்தான் சொன்னேன். அவர்களில் ஓரளவு தமிழ் பழகிய ஒரு பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்ததும், "தீதி, நாங்க இந்தி இல்ல. நான் முண்டா. அந்த மூணு ரூம் உராவ். கடைசி ரூம் சந்தால்" என்றான். மூன்றும் வெவ்வேறு பழங்குடிகள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கைத் திருத்துகிற மாதிரி சொன்னான். எனக்குத்தான் முகம் சுட்டது. சிலோன்காரங்க என்று எழுதிய லிஸ்டில் எத்தனை வருஷம் நின்றவள் நான்.

அந்தப் பையனை அவர்களுக்குள் புழங்கும் சாத்ரி மொழியில் பேசச் சொல்லிப் போனில் பதிந்தோம். கை கழுவுவது, காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்வது, ஜீப் எதற்கு வருகிறது, எல்லாம் ஒரு நிமிஷம். வாட்ஸப்பில் சுற்றுப்பட்ட தோட்டங்களுக்கெல்லாம் போயிற்று. அதையே சேட்டன் மகள் மலையாளத்தில் பேசினாள். பணியர் பழங்குடிக் காலனிப் பெண் ஒருத்தி, "மலையாளத்தில் சொன்னா எங்க பாட்டிக்குப் பாதிதான் புரியும்" என்று சொல்லித் தங்கள் பேச்சிலேயே பேசிக் கொடுத்தாள். அரிசி மூட்டையைவிட அந்த ஒரு நிமிஷம்தான் பெரிய உதவி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அரிசி எப்படியும் வந்திருக்கும், கொஞ்சம் தாமதமாகவாவது.

ஒரு நாள் உராவ் அம்மா ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையன் இல்லை. சைகையில் கேட்டேன். "பல்" என்றாள். நான் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது அவளுடைய குடுக் மொழி. தமிழுக்குத் தூரத்து உறவாம். மூன்றுக்கு மூந்த் என்கிறார்கள். இலங்கையில் பிறந்தவளும் சோட்டாநாக்பூரில் பிறந்தவளும் பந்தலூர் மலையில் பல்வலியைப் பற்றி ஒரே சொல்லில் பேசிக்கொண்டோம். கிராம்பு கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அரசு ஆஸ்பத்திரியில் பிடுங்கிவிட்டார்கள்.

எங்களுக்குள்ளும் எல்லாம் சுமுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். "நமக்கே இல்ல, வந்தவங்களுக்கு எதுக்கு?" என்று எங்கள் லைனிலேயே குரல் வந்தது. கேட்டவர் நான் வந்த அதே வருஷம் அதே கப்பல்வழி வந்தவர். அம்மா திண்ணையிலிருந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் அவர் வாய் திறக்கவில்லை, ஆனால் ஒரு படி அரிசியும் தரவில்லை.

கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டவர்கள் ஒன்றுமட்டும் கேட்டார்கள், கடுகெண்ணெய். பாமாயிலில் சமைத்தால் சோறே இறங்கவில்லையாம். கொளப்பள்ளியிலும் இல்லை, பந்தலூரிலும் இல்லை. கடையில் நின்று கேட்டபோது சேட்டன், "அது சாப்பிடற எண்ணெயா?" என்றார். எனக்குப் பாண் ஞாபகம் வந்தது.

அப்புறம் பாதி ஆளை வைத்துத் தோட்டம் நடத்தலாம் என்று உத்தரவு வந்தது. ஆனாலும் அவர்களுக்கு ஊர் ஞாபகம் பிடித்துக்கொண்டது. மே மாதம் சிறப்பு ரயில் விட்டதும் பெயர் பதிந்தோம். அந்தத் தடவை லிஸ்டில் முண்டா, உராவ், சந்தால் என்று தனித்தனியாக எழுதினேன். வாங்கிய அலுவலர் அந்தப் பத்தியைப் பார்க்கவே இல்லை. பஸ் கிளம்பும்போது யாரும் அழவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் ஏன் அழப்போகிறார்கள்? நான்தான் அழுதேன், எதற்கென்று தெரியாமல்.

வருஷக் கடைசியில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். பல் பிடுங்கிய அம்மா நேராக என் கடைக்கு வந்து, துணி மூட்டைக்குள்ளிருந்து ஒரு பாட்டில் எடுத்து மெஷின் மேல் வைத்தாள். கடுகெண்ணெய். அன்று ராத்திரியே அதில் உருளைக்கிழங்கு வதக்கினேன். வீடெல்லாம் நெடி. என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார்.