ஆடுபுலி ஆட்டமும் என் கேம் டிசைனர் வேலையும்

திருநெல்வேலியில் கேம் டிசைனர் ஆகப்போகிறேன் என்றால், "கோடிங்கா, கிராபிக்ஸா?" என்றுதான் கேட்பார்கள். என்ன விதி, எப்போது தோற்பது, அடுத்த லெவல் எவ்வளவு கடினம் என்றெல்லாம் முடிவு செய்து எழுதிக் கொடுத்து, பிறரை ஆடவிட்டுப் பார்த்துத் திருத்துகிற வேலை இது. வீட்டில் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது ஆச்சிதான். "புலி மூணு, ஆடு பதினஞ்சுன்னு எவனோ முடிவு பண்ணிருக்காம்லா, அந்த வேலையாடே?" என்றாள்.

சரி, கம்பெனிகளுக்குக் காட்ட அதையே செய்வோம் என்று ஆரம்பித்தேன். 23 புள்ளிகள் உள்ள கட்டத்தை அட்டையில் வரைந்து, புளியங்கொட்டையை ஆடாக வைத்து முதலில் கையாலேயே ஆடிப் பார்த்தோம். ஆட்டைக் குறைத்தால் புலியை அடைக்க ஆள் போதவில்லை; கூட்டினால் புலிக்கு நகர இடமில்லை. எத்தனை ஆட்டுக்கு யார் ஜெயித்தார்கள் என்று எக்செல்லில் குறித்துக்கொண்டே வந்தேன்.

பிறகு கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோ என்ஜினில் செய்தேன். இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடியது. ஆனால் வேலை விளம்பரங்களில் யூனிட்டி என்ற இன்னொரு என்ஜினும் அதற்கு எழுதும் சி ஷார்ப் நிரல்மொழியும்தான் அதிகம் கேட்கிறார்கள் என்பதால் அதையும் பக்கத்திலேயே படித்தேன்.

ரொம்பக் கற்றுக்கொண்டது, பிறர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான். வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். வண்ணார்பேட்டை டீக்கடைப் பெரியவர்கள் விளக்கத்தைப் படிக்காமலே மளமளவென்று காய் வைத்தார்கள். கல்லூரிப் பையன்களோ வைத்த ஆட்டை உடனே இழுக்கப் பார்த்தார்கள். எல்லா ஆட்டையும் இறக்கிய பிறகுதான் எதையும் நகர்த்தலாம் என்ற விதி அவர்களுக்குத் தெரியாது. அதை எழுதிச் சொல்வதைவிட, கையிருப்பு தீரும்வரை இறக்கிய ஆடுகளை மங்கலாகக் காட்டியது வேலை செய்தது.

பிளே ஸ்டோரில் ஏற்ற 25 டாலர், ஒரே முறைதான். அப்புறம்தான் தலைவலி. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், கேமை எல்லாருக்கும் வெளியிடுவதற்கு முன் சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாள் இணைந்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். அதற்கே சொந்தக்காரர்களை எல்லாம் கெஞ்சினேன். ஆர்வமாக வந்த சித்தி மகனிடம் இருந்தது ஐபோன்!

விண்ணப்பத்தோடு பிளே ஸ்டோர் இணைப்பு மட்டும் அனுப்பினால் போதாது. ஆளெடுக்கிறவர்களுக்கு இறக்கிப் பார்க்கப் பொறுமை இருக்காது. கேம்களை ஏற்றிவைக்கும் இட்ச் டாட் ஐஓ தளத்தில் பிரவுசரிலேயே ஓடும்படி ஒன்று ஏற்றி, ஒரு நிமிட வீடியோவும் சேர்த்தேன். அதற்கப்புறம்தான் பதில்கள் வந்தன. பதில் வந்தால் டிசைன் டெஸ்ட் கொடுப்பார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத வீட்டு வேலைதான். ஒரு கம்பெனி நீளமான டெஸ்டை வாங்கிக்கொண்டு, நன்றி என்றுகூட எழுதவில்லை. எத்தனை பக்கம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை கிடைத்த பெங்களூர் கம்பெனியில் பட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "15 ஏன்? 14 வைத்தால் என்ன?" என்று கேட்டார்கள். லேப்டாப்பைத் திருப்பி அந்த எக்செல்லைக் காட்டினேன். பேச்சு அதிலேயே ஓடியது. இப்போது அங்கே புதிர் கேம் ஒன்றுக்கு லெவல் போடுகிறேன். பாதி நாள் எக்செல்லில்தான் போகிறது.