தொண்டைக்குள் தொடங்கும் பெயர்

எத்தியோப்பியாவின் தெற்கே உள்ள கொன்சோவுக்குப் போய்வந்ததும் செலவு எவ்வளவு என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கணக்கைத்தான் முதலில் எழுதுவதாக இருந்தேன். பஜாஜ்காரர் மீது வந்த கோபம் ஆறாததால் அது பின்னால் போகிறது. எத்தியோப்பியாவில் ஆட்டோவுக்குப் பெயரே பஜாஜ். நம் நாட்டு வண்டி என்ற உரிமை பேரத்தில் செல்லாது. கொன்சோவின் முக்கிய ஊரான கராத்தின் பஸ் நிலையத்திலிருந்து தொகட்டு கிராமத்துக்குப் போய்வர 800 பிர் (எத்தியோப்பியப் பணம்) கேட்டார், 500-க்கு இறக்கினேன். பாதி மேட்டில் வண்டியை நிறுத்தி, "500 போவதற்கு மட்டும்" என்றார். மூன்று நாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் அது. வாய்க்கு வந்ததைத் தமிழில் சொல்லிவிட்டு, மீதி வழியை நடந்தேன்.

நடந்ததும் நல்லதாகப் போயிற்று. மலைச்சரிவு முழுக்கக் கல் படிக்கட்டு வயல்கள். சாந்து இல்லை, சிமென்ட் இல்லை, வெறும் கல்மேல் கல். அந்தச் சுவர்தான் மண்ணை மழையிடமிருந்து காக்கிறது. 21 தலைமுறை உழைப்பு என்கிறார்கள், 400 ஆண்டுகளுக்கு மேல். 2011-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கிராமங்களுக்கும் கல்மதில்தான், சிலவற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு சுற்று வரை உண்டு.

வழிகாட்டியாக வந்த இளைஞரிடம் "கொன்சோ அழகான ஊர்" என்றேன். சிரித்துவிட்டார். "நீங்கள் சொல்வது மற்றவர்கள் எங்களை அழைக்கும் பெயர்" என்று சொல்லி, தொண்டைக்குள் உரசிக்கொண்டு வரும் ஓர் ஒலியில் தொடங்கித் தங்கள் பெயரைச் சொன்னார். லத்தீன் எழுத்தில் அந்த ஒலிக்கு 'எக்ஸ்' போடுகிறார்கள். அதைப் படித்து 'க்சொன்சோ' என்று ஆரம்பித்தால் இன்னும் சிரிப்பார்கள். 'அஃது' என்பதை அழுத்திச் சொல்லும்போது ஃ எங்கே உரசுகிறதோ, கிட்டத்தட்ட அங்கேதான் அது பிறக்கிறது. ஏறக்குறைய 'ஃஹொன்சோ'. ஒருவர் என்றால் 'ஃஹொன்சித்தா'. இருபது முறை முயன்று, அவர் தலையசைக்கும் அளவுக்கு வந்தேன்.

மொழியின் பெயர் 'அஃபா ஃஹொன்சோ'. அஃபாவில் வரும் ஃ அந்தத் தொண்டை ஒலி அல்ல, ஆங்கில 'எஃப்' ஒலிக்கானது. அஃபா என்றால் வாய். ஒரோமோ மொழியில் அது அஃபான், சோமாலியில் அஃப். வாய்க்கும் மொழிக்கும் ஒரே சொல். மூன்றும் குஷிட்டிக் என்ற மொழிக் கிளையைச் சேர்ந்தவை. தலைநகர் ஆடிஸ் அபாபாவில் நான் மாய்ந்து மாய்ந்து கற்ற அம்ஹாரிக் மொழி செமிட்டிக் என்ற வேறு கிளை; அதை வைத்துக்கொண்டு மதிய உணவு போட்ட பாட்டியிடம் ஒன்றும் நடக்கவில்லை.

அந்தச் சாப்பாடு! சோள மாவு உருண்டையைக் கீரையோடு வேகவைத்துத் தருகிறார்கள். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, முருங்கைக்கீரை. நம் மரமல்ல, அதன் ஆப்பிரிக்க உறவு, இலை பெரியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கிறது. அதன் தாவரவியல் பெயரின் முன்பாதியான 'மொரிங்கா' நம் 'முருங்கை'யிலிருந்து போனது என்று கைச்சாடையிலும் வழிகாட்டியின் உதவியிலும் பாட்டிக்கு விளக்கினேன். அவருக்கு அதில் ஆர்வமே இல்லை. இன்னொரு உருண்டை வைத்தார். சுரைக்குடுவையில் வந்த புளித்த சோளக் கள் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

ஊர்ப் பொதுத்திடலில் உயரமான மரக்கம்பங்கள் கட்டாக நிற்கின்றன. 18 ஆண்டுக்கு ஒரு தலைமுறை மாறும்போது ஒரு கம்பம் நடுவார்கள். எண்ணினால் ஊரின் வயது. நான் எண்ணத் தொடங்கியபோது சிறுவர்கள் சூழ்ந்து ஆளுக்கொரு எண் சொன்னதில் குழம்பிவிட்டேன். வீரர்களின் நினைவாகச் செதுக்கும் 'வாகா' மரச்சிலைகளைப் பார்க்கக் கராத் அருங்காட்சியகம் போங்கள். திருடி விற்கும் கூட்டத்திடமிருந்து மீட்டவை அங்கே இருக்கின்றன.

கணக்கு கேட்டவர்களுக்கு: வழிகாட்டிக் கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள், அதில் பேரம் வேண்டாம். எத்தியோப்பியாவில் மணியை விடியலிலிருந்து எண்ணுவதால், பஸ் '12 மணிக்கு' என்றால் நம் கணக்கில் காலை ஆறு. சில்லறை நோட்டுகளாக எடுத்துச் செல்லுங்கள். 100 பிர் நீட்டினால் மீதி வராது. எனக்கு இரண்டு முறை வரவில்லை.