பாலியூரித்தேனில் ஃபுளோரின் கலந்து ரத்தப் பரிசோதனை வரை போன அனுபவம்

என் ஆய்வுப் படிப்பின் பெரும்பகுதி ஒரே வேலையில் போனது. கத்தீட்டர் (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) செய்யும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை ஃபுளோரின் சேர்மங்களால் மாற்றி, ரத்தம் அதில் எளிதில் உறையாதபடி செய்யவேண்டும். இதில் புதிதாக இறங்குபவர்களுக்காக, ஆய்வுக் கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிப்போகும் இடங்களை மட்டும் விரித்து எழுதுகிறேன்.

பாலியூரித்தேன் நன்றாக வளையும், லேசில் கிழியாது. ஆனால் ரத்தம் பட்ட சில நொடிகளிலேயே ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு ஒட்டும். உறைகட்டி அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே உள்ளே இருக்கும் வலுவைத் தொடாமல் மேல்தோலை மட்டும் மாற்றினால் போதும்.

பிளாஸ்மா முறையில், அதாவது மின்னேற்றிய வாயுவைக் கொண்டு (ரத்தப் பிளாஸ்மா அல்ல), ஃபுளோரின் ஏற்றலாம். ஆனால் குறுகிய குழாயின் உட்புறத்தில் அது சீராகப் படிவது கடினம். நாங்கள் எடுத்தது டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பால் சான்டேர் குழு வளர்த்தெடுத்த வழி. இரு முனையிலும் ஃபுளோரின் வால் உள்ள சிறிய மூலக்கூறைத் தனியாகத் தயாரித்து, சாதாரண பாலியூரித்தேனில் சில சதவீதம் கலக்கவேண்டும். மேற்பரப்பு ஆற்றல் குறைவு என்பதால், படலம் காயும்போது அந்த வால்கள் தாமே மேலே வந்துவிடும். எண்டெக்ஸோ என்ற பெயரில் இதே தொழில்நுட்பம் கத்தீட்டர்களிலும் வந்துவிட்டது.

தயாரிப்பில் முதல் எதிரி ஈரம். இந்த மூலக்கூறைக் கட்டும் மூலப்பொருளான ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு குமிழ்விடும், மூலக்கூறுச் சங்கிலியின் நீளமும் கணக்கு தப்பும். நைட்ரஜன் சூழலும் நன்றாக உலர்த்திய கரைப்பானும் கட்டாயம். ஃபுளோரின் வாலாகச் சேர்க்கும் ஃபுளோரோ ஆல்கஹாலில் வினைபுரியாத மிச்சத்தை முழுக்கக் கழுவி எடுக்கவேண்டும். மிச்சமிருந்தால் பிறகு ரத்தத்தில் கசியும். கண்ணாடி மூட்டுகளுக்கு சிலிக்கோன் கிரீஸ் பூசவே கூடாது. அதுவும் மேற்பரப்புக்கு ஏறி, ஃபுளோரின் செய்ததுபோல் போக்குக் காட்டும். மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் எக்ஸ்.பி.எஸ். என்ற எக்ஸ்-கதிர்ச் சோதனை எடுக்கும்போது ஃபுளோரினோடு சிலிக்கானையும் தேடிப்பாருங்கள். கண்ணாடித் தட்டில் வார்த்த படலமென்றால், காற்றைப் பார்த்த பக்கம் எது என்று உரிக்கும்போதே அடையாளம் வையுங்கள். இரு பக்கமும் ஒன்றல்ல.

தொடுகோணம் (தண்ணீர்த் துளி பரப்போடு அமைக்கும் கோணம்; கூடினால் பரப்பு தண்ணீரை விலக்குகிறது) 80 டிகிரிக்குப் பக்கத்திலிருந்து 110-ஐத் தொட்டபோது ஆய்வகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது முன்னேறும் துளியின் கோணம். துளியைப் பின்னிழுத்து அளந்தால் எண் வெகுவாகக் குறைந்தது. தண்ணீர் பட்டதும் யூரித்தேனின் முனைவுப் பகுதிகள் (தண்ணீரை விரும்புபவை) வெளியே திரும்புகின்றன. ஃபுளோரின் கொஞ்சம் உள்ளே போகிறது. இந்தப் பொருள் வேலை செய்யப்போவது காற்றில் அல்ல, ரத்தத்தில். ஆகவே உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸில் பஃபரில் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) ஊறவைத்து மறுபடி அளந்த எண்ணையே நான் நம்பினேன். உலர்ந்த படலத்தின் கோணத்தை மட்டும் காட்டி ரத்த இணக்கம் பேசும் கட்டுரைகளை இன்றும் என்னால் ஏற்க முடிவதில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. கொடையாளர் அண்மையில் ஆஸ்பிரின் எடுத்திருக்கக் கூடாது. ஊசி குத்திய இடத்திலிருந்து, உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணி என்ற புரதம் கலந்திருக்கும் என்பதால் முதலில் வரும் ரத்தத்தை ஒதுக்கிவிடவேண்டும். அடுத்து வருவதை, ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு சோடியம் சிட்ரேட் (உறைதலைத் தடுப்பது) உள்ள குழாயில் பிடித்து, மையவிலக்கியில் மெதுவாகச் சுழற்றினால் தட்டணு மிகுந்த ரத்தப் பிளாஸ்மா மேலே நிற்கும். அதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரே தட்டணுக்களைத் தூண்டிவிடும். இந்தப் பிளாஸ்மாவில் வைத்தெடுத்த படலத்தைக் கழுவும்போது திரவத்திலிருந்து வெளியே எடுக்காமல் பஃபரை மட்டும் மாற்றுங்கள். காற்றின் விளிம்பு ஒருமுறை கடந்தாலே ஒட்டிய தட்டணுக்கள் பிய்ந்துபோகும்.

மின்னணு நுண்ணோக்கியில் எண்ணிக்கையைவிட வடிவத்தைத்தான் பார்த்தேன். சாதாரண பாலியூரித்தேனில் தட்டணுக்கள் கால் நீட்டிப் பரந்து கிடந்தன. ஃபுளோரின் கலந்ததில் குறைவாக, பெரும்பாலும் உருண்டையாகவே இருந்தன. ஆளுக்கு ஆள் ரத்தம் மாறும். ஒருவரின் ரத்தத்தில் இரண்டு படலங்களையும் சேர்த்து வைத்தால்தான் ஒப்பீடு செல்லும்.

ஃபுளோரின் பரப்பிலும் புரதம் படியத்தான் செய்கிறது. படியும் அளவும் அது நிற்கும் விதமும்தான் மாறுகின்றன. அசையாத பிளாஸ்மாவில் கிடைத்த இந்த முடிவு ஓடும் ரத்தத்திலும் நிற்கிறதா என்று பார்க்க, அடுத்து குழாய்ச்சுற்று ஓட்டச் சோதனைக்குப் போகிறோம். கத்தீட்டர் உடம்பில் வாரக்கணக்கில் இருப்பதால், பஃபரில் நெடுநாள் ஊறிய படலங்களையும் அதில் சேர்த்திருக்கிறோம்.