ஒரு குழாய், மூன்று சுருதி: பிரித்துப் பார்த்த கதை

ஒன்றரை மீட்டர் பிவிசி குழாய், உள்விட்டம் 40 மி.மீ. ஒரு முனையில் சின்ன ஸ்பீக்கர். பக்கவாட்டில் மூன்று ஓட்டை போட்டு, மறுமுனை அடைத்த 20 மி.மீ. குழாய்களை ஒட்டினேன். 400, 600, 900 ஹெர்ட்ஸ் மூன்றையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால் குழாய்க்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பக்கம் அடைத்த குழாய், தன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஒலிக்கு ஒத்ததிரும், அதாவது அந்த ஒலியோடு சேர்ந்து பலமாக அதிரும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர். அந்தக் கணக்கில் 21.8, 14.5, 9.7 செ.மீ. என்று அறுத்தேன்.

மூன்றுமே கீழே இறங்கித்தான் ஒலித்தன. 400-க்கு அறுத்தது 386-இல். 900-க்கு அறுத்தது 830 பக்கத்தில். வாயருகே இருக்கும் காற்றும் சேர்ந்து ஆடுவதால் குழாய் 8 மி.மீ. கூடுதல் நீளம் உள்ளதுபோல் நடந்துகொள்கிறது. குட்டைக் குழாய்க்கு 8 மி.மீ. பெரிய விஷயம், அதற்குத்தான் அதிக அடி.

இனி ரம்பம் வேண்டாமென்று, அடைப்புகளை எடுத்துவிட்டு சிரிஞ்ச் பிஸ்டன்களைச் செருகினேன். ரப்பர் நடுவே துளைத்து ஒரு குட்டி மைக். எந்தச் சுருதி எவ்வளவு பலம் என்று மைக் சொல்வதைத் திரையில் கோடாக வரையவிட்டேன்; ஒத்ததிரும் இடத்தில் கோடு முகடாக எழும். பிஸ்டனைத் தள்ளத் தள்ள அந்த முகடு வலப்பக்கம் நகரும். அதையே அரை மணிநேரம் வேடிக்கை பார்த்தேன். மைக் ஒயர் ஓரம் காற்று கசிந்ததில் ஒரு முகடு மட்டும் சப்பையாக இருந்தது. களிமண்ணை அப்பியதும் நிமிர்ந்துவிட்டது.

அப்புறம்தான் தலைவலி. ஏறத்தாழ 116 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக வேண்டாத முகடுகள். இரண்டு நாள் ஸ்பீக்கரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அது நிரபராதி. பெரிய குழாயின் திறந்த முனையில் ஒலி எதிரொலித்துத் திரும்பி, அந்தக் குழாயே ஒரு வாத்தியமாகியிருந்தது. 349-ஐ 3-ஆல் வகுத்தால் 116, கண்முன்னே இருந்த கணக்கு! கடைசி 30 செ.மீ.க்குப் பஞ்சு திணித்தேன்: உள்ளே தளர்வாக, வாய்ப்பக்கம் இறுக்கமாக. பெரும்பாலானவை படுத்துவிட்டன. மில்லிமீட்டர் பார்த்து அறுத்ததைவிட இந்தப் பஞ்சுதான் அதிகம் சாதித்தது.

பெரிய குழாயில் ஒரு கிளையை (பக்கத்தில் ஒட்டிய குழாயை) தாண்டி மைக் வைத்தால் அதன் சுருதி மட்டும் பள்ளமாகத் தெரிகிறது. கிளை அதை விழுங்கிவிடுவதாக நினைத்திருந்தேன்; பெரும்பகுதியை ஸ்பீக்கர் பக்கமே திருப்பி அனுப்புகிறது.

மிச்சமிருக்கும் தொல்லை: 1200 ஹெர்ட்ஸ் கொடுத்தாலும் 400-இன் குழாய் தலையாட்டுகிறது. அடைத்த குழாய்க்கு ஒற்றைப்படை மடங்குகளும் சொந்தம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியைப் பிரித்துக் கேட்கக் கையாண்ட கழுத்துள்ள கோளங்களில் இந்தத் தொல்லை குறைவு, அடுத்த ஒத்ததிர்வு வெகு மேலே போய்விடும். இரண்டு குட்டிப் பாட்டில்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவு பார்த்தாகிவிட்டது. கழுத்தைக் குழாயில் ஒட்டிய பசை காய வேண்டும்.