ராஜா ஊர்வலம் வரும் வாரம்

2015 மார்ச் 18, புதன்

மருத்துவமனையிலிருந்து தபாலில் ஒன்றும் இல்லை.

மார்ச் 19, வியாழன்

லெஸ்டர் நகர மையத்தில் தடுப்புக் கம்பிகள் இறக்குகிறார்கள். ஞாயிறன்று எந்தெந்தத் தெரு அடைப்பு என்று நகராட்சி அறிவித்துவிட்டது. வேலையிடத்தில் எல்லோருக்கும் இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்ட் பேச்சுதான். தோண்டியெடுத்த அவர் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து மறுபடி அடக்கம் செய்யப்போகிறார்கள். 1485 ஆகஸ்ட் 22, பாஸ்வர்த் சண்டையில் விழுந்தவரைத் துணியில்லாமல் குதிரைமேல் குறுக்கே போட்டு இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவையாவது மரியாதையாக வரட்டும்.

பாப்பாவின் முதுகெலும்பு வளைவு 61 டிகிரி. போன வருடம் 48.

மார்ச் 20, வெள்ளி

காலையில் சூரிய கிரகணம். பாப்பாவை வெளியே விடாதே என்று அம்மா போனில் சொன்னாள். பள்ளிக்கு அனுப்பிவிட்டு நாள் முழுக்க மனசு சரியில்லை.

மார்ச் 21, சனி

பாப்பாவே கேட்டதால் ரிச்சர்ட் கண்காட்சிக்குப் போனோம். 2012-இல் நகராட்சியின் கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது அவர் கிடைத்த குழியைக் கண்ணாடி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். குழி உடம்பைவிடக் குட்டை. தலை ஒரு பக்கமாகத் தூக்கி நின்றதாம். சவப்பெட்டிகூட இல்லை.

இன்னொரு இடத்தில் எலும்புக்கூட்டின் அச்சு. மற்றவர்கள் மண்டை ஓட்டுக் காயங்களைப் பார்க்க முண்டியடித்தார்கள். பாப்பா முதுகைத்தான் பார்த்தாள். நடுமுதுகில் வலப்பக்கம் வளைந்து மறுபடி நேருக்கு வருகிறது. அவளுடைய எக்ஸ்ரே மாதிரியே. 75 டிகிரி வாக்கில் இருந்திருக்கும் என்கிறார்கள், பத்து வயதுக்கு மேல்தான் வந்ததாம். இவளுக்குப் பதினொன்றில் வந்தது.

"சட்டை போட்டா தெரியாதாம்மா?"

நன்றாகத் தைத்த உடையிலும் கவசத்திலும் அவ்வளவாகத் தெரிந்திருக்காது, ஒரு தோள் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான் என்றேன். சூம்பிய கை எல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை. கை எலும்புகள் சரியாகத்தான் இருக்கின்றன. அந்த முதுகோடு கவசம் போட்டுக் குதிரையேறி, நேரே எதிரி ஹென்றி டியூடரை நோக்கிப் பாய்ந்திருக்கிறார். வயது 32. காயங்கள் பதினொன்று, அதில் ஒன்பது தலையில். வளைவு அவரைக் கொல்லவில்லை. வளைவு கொல்லவில்லை. இரவு இவரிடம் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, தூங்கு என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

ரிச்சர்ட் விழுந்ததாகச் சொல்லும் வயல், சட்டன் செய்னி, மார்க்கெட் பாஸ்வர்த் எல்லாம் சுற்றி, சாயங்காலம் போ (Bow) பாலம் வழியாக ஊருக்குள் வந்தார்கள். முன்னால் கவசம் போட்ட இரண்டு குதிரை வீரர்கள். சவப்பெட்டியின் மேல் ஜனங்கள் வெள்ளை ரோஜாக்களை வீசினார்கள். ஓக் பெட்டியைச் செய்தவர் ரிச்சர்டின் அக்கா ஆனின் வழியில் வந்த தச்சர், மரபணு பொருந்தியவர்களில் அவரும் ஒருவர். சொந்தக்காரன் கை பட்ட பெட்டி. நான் அழுதுவிட்டேன். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு குதிரைகளைப் பார்த்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

கடிதம் வந்தது. அறுவை சிகிச்சை தள்ளிவைப்பு. படுக்கை இல்லை. புதுத் தேதி பிறகு தெரிவிப்பார்களாம். ஒரு ராஜாவுக்கு இவ்வளவு கச்சிதமாக ஏற்பாடு செய்கிற ஊரில் ஒரு குழந்தைக்குக் கட்டில் இல்லை. கோபத்தில் சமையல்கூட ஓடவில்லை.

கதீட்ரலில் பெட்டியைப் பார்க்க மணிக்கணக்கில் வரிசை. போகவில்லை.

மார்ச் 26, வியாழன்

அடக்கம். கேன்டர்பரி பேராயர் வந்தார். டிவியில் பார்த்தோம். பிறந்த ஊர், வளர்ந்த ஊர், விழுந்த இடம் மூன்றின் மண்ணையும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மார்ச் 27, வெள்ளி

இரவு கதீட்ரலைச் சுற்றி ஆயிரக்கணக்கில் தீபங்கள், கூரையிலிருந்து வாணவேடிக்கை. பள்ளித் தோழிகள் எதிர்ப்பட்டார்கள். அவர்களிடம் பாப்பா, "ராஜாவுக்கும் எனக்கும் ஒரே பக்கம்" என்று தன் முதுகைத் தொட்டுக் காட்டினாள். இதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம் ஐஸ்கிரீம் கேட்டாள், அந்தக் குளிரில். வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

முதுகில் உலோகக் கம்பி வைப்பார்களே, அது எவ்வளவு நீளம்? யாரிடம் கேட்பது?

மார்ச் 30, திங்கள்

காலையில் போன். யாரோ ஒருவர் வராததால் வியாழனன்று இடம் இருக்கிறதாம், நாளைக்கே ரத்தப் பரிசோதனை. இவர் லீவு சொல்லப் போயிருக்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பாப்பா பள்ளியிலிருந்து மூன்றரைக்கு வருவாள். பை எடுத்து வைக்க வேண்டும், முன்பக்கம் பட்டன் வைத்த