பத்து மணி மாத்திரை

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தமிழில் இதை நடுக்குவாதம் என்கிறோம். ஆனால் அப்பாவை வாட்டுவது நடுக்கத்தைவிட இறுக்கம்தான். லீவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையைக் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என ஐந்து வேளை சாப்பிடுகிறார். பத்து மணி மாத்திரை பத்தரைக்குத் தள்ளிப்போனால் முதலில் வலது காலின் பெருவிரல் உள்ளே மடங்கத் தொடங்கும். பிறகு குரல் தேயும். பதினொரு மணிக்குள் அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.

சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். மாத்திரை அட்டையையும் நேரங்களையும் பணி மருத்துவரிடம் சொன்னேன். மருந்தின் பெயரும் அளவும் சரியாகவே எழுதப்பட்டன. நேரம் மட்டும் எழுதப்படவில்லை. வார்டில் எல்லோருக்கும் மருந்து கொடுக்கும் காலை 8, பிற்பகல் 2, இரவு 8 என்ற வரிசையில் அப்பாவின் மாத்திரையும் சேர்ந்துவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுபோன மாத்திரைகளையும் செவிலியர் வாங்கி வைத்துக்கொண்டார். உறவினர்கள் தாங்களாகவே மருந்து கொடுத்தால் ஒரே வேளைக்கு இரண்டு முறை போய்விடும் என்பதால் அந்த விதியில் தவறில்லை. ஆனால் மாத்திரை நம் கையிலும் இல்லாமல், உரிய நேரத்தில் அவர்கள் கையிலிருந்தும் வராமல் போனபோது, இடையில் மாட்டிக்கொண்டது அப்பாதான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை கிடைத்தது. நள்ளிரவுக்குப் பின் வாய்வழியாக எதுவும் கூடாது என்ற உத்தரவில் மறுநாள் காலை மாத்திரைகளும் நின்றன. அறுவை சிகிச்சை நண்பகலுக்குத் தள்ளிப்போயிற்று. மாலையில் வார்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா மரக்கட்டைபோல் கிடந்தார். கண் மட்டும் அசைந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. கையைத் தூக்கச் சொன்ன செவிலியரிடம் சரி என்று சொல்லக்கூட அவரால் முடியவில்லை. கட்டிலின் காலடியில் தொங்கிய குறிப்பேட்டில், நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதியிருந்தது. நாற்பது ஆண்டுகள் ஒரு நாளும் தாமதமாக வேலைக்குப் போகாத மனிதரைப் பற்றிய அந்த ஒரு வரியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அன்று வாந்திக்குப் போட்ட ஊசி மெட்டோகுளோப்ரமைட் என்பதை, வீட்டுக்கு வந்தபின் பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உடல் அசைவுகளுக்கு மூளை பயன்படுத்தும் வேதிப்பொருள் டோபமைன்; பார்க்கின்சன் நோயில் குறைந்துபோவது அதுதான். அந்த ஊசி மூளையில் டோபமைன் செயல்படுவதையே தடுக்கக்கூடியது; பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அதைத் தவிர்க்க வேண்டும். மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் அப்படித்தான். மாத்திரையின் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கும் காரணம் டோபமைன்தான். நோயின் தொடக்க ஆண்டுகளில், மூளையில் எஞ்சியிருக்கும் டோபமைன் செல்கள், லீவோடோபாவிலிருந்து உருவாகும் டோபமைனைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுகின்றன. எனவே ஒரு வேளை பிந்தினாலும் பெரிதாகத் தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அச்செல்கள் குறைந்து, சேமிக்க இடமில்லாமல் போகிறது. லீவோடோபா மூளையை அடையுமுன் சிதையாமல் காக்கும் கார்பிடோபாவுடன் சேர்த்துக் கொடுத்தாலும் இரத்தத்தில் லீவோடோபாவின் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அடுத்த மாத்திரை வராவிட்டால் உடல் நின்றுவிடுகிறது. நடக்க முடியாமல் போவது மட்டுமன்று, விழுங்க முடியாமல் உணவு நுரையீரலுக்குள் போகலாம். மருந்து திடீரென்று முற்றிலும் நின்றுபோனால் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிரிட்டனில் பார்க்கின்சன்ஸ் யூகே என்ற அமைப்பு, மருத்துவமனையில் மாத்திரை நேரத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2006 முதல் இயக்கம் நடத்தி வருகிறது. மருத்துவமனையில் இருக்கும் நோயாளிக்கு, அவருக்கென்று குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் லீவோடோபா கிடைக்க வேண்டும் என்று அந்நாட்டில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) நிறுவனம் 2018-இல் வெளியிட்ட தர அளவுகோல் சொல்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எழுதாமல், எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும் என்பதே அதன் சாரம். ஒரு வார்டை ஓரிரு செவிலியர்கள் பார்த்துக்கொள்ளும் நம் மருத்துவமனைகளில் இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் முப்பது நோயாளிகளின் மருந்து நேரத்தையும் மாற்றச் சொல்லவில்லை. ஒருவருடைய ஒரு மாத்திரையைத்தான் கேட்கிறோம்.

ஆறு மாதங்களுக்குப் பிறகு சிறுநீர்த் தொற்றுக்காக அப்பாவை வேறொரு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. இம்முறை நரம்பியல் மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு தாளைக் கொண்டுபோனேன். மேலே ஐந்து நேரங்கள். கீழே, தரக்கூடாத மருந்துகளின் பெயர்கள். அறுவை சிகிச்சை என்றால் காலை மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கலாமா என்று மயக்க மருத்துவரைக் கேட்க வேண்டும், விழுங்க முடியாவிட்டால் மூக்கு வழிக் குழாயில் கொடுப்பது பற்றி உடனே முடிவெடுக்க வேண்டும், மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை நசுக்கக் கூடாது என்ற குறிப்புகளும் இருந்தன. மருந்தை உடல் உறிஞ்சுவதைப் புரதம் குறைக்கக்கூடும் என்பதால், பாலும் முட்டையும் மாத்திரைக்கு அரை மணி நேரமாவது கழித்தே வர வேண்டும் என்பதையும் சேர்த்திருந்தேன்.

வார்டின் பொறுப்புச் செவிலியர் அதை முழுவதும் படித்தார். மருந்துப் பட்டியலில் ஐந்து நேரங்களையும் சிவப்பு மையில் எழுதி, தம் கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டார். பணி மாறும்போது அடுத்து வருபவரிடம், "ஏழாம் கட்டில் ஐயாவுக்குப் பத்து மணி மாத்திரை, மறந்துடாதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனது என் காதில் விழுந்தது. இருந்த நான்கு நாட்களில் ஒரே ஒரு வேளைதான் இருபது நிமிடம் பிந்தியது. அப்பா தாமாகவே புரண்டு படுத்தார், தாமாகவே கஞ்சி குடித்தார்.

அந்தத் தாள் இப்போது மாத்திரைப் பெட்டியோடுதான் இருக்கிறது. போன மாதம் மருத்துவர் இரவு மாத்திரையைப் பத்திலிருந்து ஒன்பதரைக்கு மாற்றினார். அன்று மாலையே தாளைப் புதிதாக எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்துவிட்டேன்.